மூலையில் நின்ற மந்திரி

பாடம் 7 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• சதுரங்க ஆட்டம் ஒன்றின் போக்கைத் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுதல்.
• ஒரு நிகழ்வைக் காரண காரியத் தொடர்போடு விளக்கி எழுதும் திறன் பெறுதல்.
• பண்புத்தொகை, உம்மைத்தொகை, பெயரெச்சம் ஆகியவற்றை உரைநடையில் இனங்காணுதல்.

நுழையும் முன்

வல்லமை உடையவர் வெல்வர் என்பது உலக வழக்கு. இருவரும் ஒத்த வல்லமை உடையவராயின் வெற்றி யாரைச் சேரும்? பொறுக்க வேண்டிய நேரத்தில் பொறுத்து, பாய வேண்டிய நேரத்தில் பாய்பவரைச் சேரும். 2010ஆம் ஆண்டு பல்கேரிய நாட்டின் தலைநகரில் நடைபெற்ற சதுரங்க ஆட்டம் ஒன்று இதற்குச் சிறந்த சான்று. அவ்வாட்டத்தையும் அதில் கையாளப்பட்ட தொடக்க முறையையும் இப்பாடம் விளக்குகிறது. சதுரங்கப் பலகை இருப்பின் அருகில் வைத்துக்கொள்க. காய்களை நகர்த்திக்கொண்டே படித்தால் பாடம் எளிதில் விளங்கும்.

காய்களின் பெயர்கள்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் 16 காய்கள். அவற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் வகுப்பில் இந்தி பேசும் நண்பர்கள், மூலைவிட்டமாகச் செல்லும் காயை 'ஊண்ட்', அதாவது ஒட்டகம் என்பர். அரசியை 'வஜீர்' என்பர். தமிழ்நாட்டில் மூலைவிட்டமாகச் செல்லும் காயை மந்திரி என்றும் பிஷப் என்றும் வழங்குவர். நேர்க்கோட்டில் செல்லும் காயைச் சிலர் யானை என்பர். சிலர் கோட்டை என்பர். பெயர் மாறினும் நகர்வு மாறாது. இப்பாடத்தில் அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்னும் பெயர்களே ஆளப்படுகின்றன.

பலகையின் நெடுக்கு வரிசைகளை இடப்புறம் தொடங்கி ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கம் தொடங்கி 1 முதல் 8 வரையும் குறிப்பர். 'இ4' என்றால் இ நெடுக்கு வரிசையும் நான்காம் குறுக்கு வரிசையும் சந்திக்கும் கட்டம் என்று பொருள். அரசனைத் தாக்கும் நகர்வை முற்றுகை என்கிறோம். இதனையே 'செக்' என்று வழங்குவர்.

சோபியாவிற்குச் சென்ற வழி

விசுவநாதன் ஆனந்த் 1969ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். ஆறாம் வயதில் தம் தாயாரிடம் சதுரங்கம் கற்றார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2007இல் மெக்சிகோவில் உலக வாகை சூடினார். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை வென்று அதனைத் தக்கவைத்தார். 2010இல் அவரை எதிர்த்து ஆட முன்வந்தவர் பல்கேரியாவைச் சேர்ந்த வெசெலின் டொபாலோவ். 2005ஆம் ஆண்டின் உலக வாகையர் அவர். அஞ்சாது தாக்கி ஆடுவதில் பெயர் பெற்றவர். போட்டி நடைபெற்ற இடமும் அவருடைய நாட்டின் தலைநகரான சோபியாவே.

போட்டி தொடங்குமுன்பே ஓர் இடர் நேர்ந்தது. ஐஸ்லாந்தில் எரிமலை ஒன்று வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வானில் பரவியது. விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் சிக்கிக்கொண்ட ஆனந்த், ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளின் வழியே ஏறத்தாழ 40 மணி நேரம் சாலையில் பயணம் செய்து சோபியாவை அடைந்தார். தொடக்கத்தை மூன்று நாள் தள்ளிவைக்குமாறு அவர் வேண்டினார். ஒரு நாள் மட்டுமே தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று ஆட்டம் தொடங்கியது.

மொத்தம் 12 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். இரண்டாம் ஆட்டத்திலும் நான்காம் ஆட்டத்திலும் வென்றார். எட்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். ஏனைய ஏழும் சமனாயின. பதினோர் ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 5½ புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். எஞ்சியது ஓர் ஆட்டமே. அது மே 11 அன்று நடைபெற்றது.

பன்னிரண்டாம் ஆட்டம்

இவ்வாட்டத்தில் டொபாலோவிற்கு வெள்ளைக் காய்கள், ஆனந்திற்குக் கருங்காய்கள். வெள்ளைக் காய் உடையவரே முதலில் நகர்த்துவர். ஆதலின் தொடக்கத்தில் சிறிது மேன்மை அவருக்கே உண்டு. இப்போட்டியில் ஆனந்த் அடைந்த இரண்டு தோல்விகளும் கருங்காய்களோடு ஆடியபோதே நேர்ந்தவை என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வாட்டமும் சமனாயின், வாகையரை முடிவு செய்ய விரைவு ஆட்டங்கள் நடைபெறும். குறைந்த நேரத்தில் ஆடும் அவ்வகை ஆட்டத்தில் ஆனந்தின் திறமை உலகறிந்தது. 2003இல் விரைவு ஆட்டத்திலும் அவர் உலக வாகை சூடியிருந்தார். ஆகவே ஆனந்திற்குச் சமன் போதும். டொபாலோவிற்கோ வெள்ளைக் காய் கிடைத்த இந்நாளை நழுவவிட மனம் இராது. இருவர் நிலைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் ஆட்டத்தின் போக்கு விளங்கும்.

லாஸ்கரின் அரண்

சதுரங்கத்தில் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகள் தொடக்க ஆட்டம் எனப்படும். பல தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆராய்ந்து வகுத்த தொடக்க முறைகள் பல உள்ளன. இப்போட்டியில் கருங்காய்களோடு ஆடிய முந்தைய ஐந்து ஆட்டங்களில் ஆனந்த் மூன்று முறை ஸ்லாவ் தற்காப்பையும், இரண்டு முறை கிரன்ஃபெல்டு தற்காப்பையும் கையாண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு தோல்வி கிட்டியது. இறுதி நாளில் அவ்விரண்டையும் விடுத்து, அப்போட்டியில் அதுவரை ஆடாத லாஸ்கர் தற்காப்பை மேற்கொண்டார்.

இமானுவேல் லாஸ்கர் ஜெர்மனி நாட்டவர், கணித அறிஞர். 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலக வாகையராகத் திகழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் இத்தற்காப்பு நூறாண்டுப் பழமை உடையது. ஆட்டம் தொடங்கிய வகையைக் கீழே காண்க.

1. வெள்ளை: சிப்பாய் டி4. கருப்பு: சிப்பாய் டி5.
2. வெள்ளை: சிப்பாய் சி4. கருப்பு: சிப்பாய் இ6.
3. வெள்ளை: குதிரை எஃப்3. கருப்பு: குதிரை எஃப்6.
4. வெள்ளை: குதிரை சி3. கருப்பு: மந்திரி இ7.
5. வெள்ளை: மந்திரி ஜி5. கருப்பு: சிப்பாய் எச்6.
6. வெள்ளை: மந்திரி எச்4. கருப்பு: கோட்டை கட்டுதல்.
7. வெள்ளை: சிப்பாய் இ3. கருப்பு: குதிரை இ4.

இரண்டாம் நகர்வில் வெள்ளை, சி4 கட்டத்துச் சிப்பாயைப் பலியாக முன்வைக்கிறது. அதனை வெட்டினால் பலகையின் நடுப்பகுதியில் கருப்பின் பிடி தளரும். ஆகவே கருப்பு அதனை வெட்டாமல் இ6 என நகர்த்தி நடுப்பகுதியைக் காக்கிறது. இதனைக் 'குயின்ஸ் காம்பிட் டிக்லைன்டு' என்பர். அரசிப் பலியாட்ட மறுப்பு என்று தமிழில் கூறலாம்.

இம்முறையில் உறுதி உண்டு. ஒரு குறையும் உண்டு. இ6 கட்டத்தில் நிற்கும் சிப்பாய், சி8 கட்டத்தில் உள்ள மந்திரியின் வழியை அடைத்துவிடுகிறது. வெள்ளைக் கட்டங்களில் மட்டும் செல்லக்கூடிய அந்த மந்திரி, தன் படையின் சிப்பாய்க்குப் பின்னேயே அடைபட்டுக் கிடக்கும். இத்தொடக்க முறையை ஆடுவோர் அனைவரும் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுவே.

லாஸ்கர் கண்ட வழி ஏழாம் நகர்வில் உள்ளது. குதிரை இ4 கட்டத்திற்குப் பாய்கிறது. அதனால் இருபுறத்து மந்திரிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. எட்டாம் நகர்வில் மந்திரிக்கு மந்திரி மாற்றப்படுகிறது. பத்து, பதினோராம் நகர்வுகளில் குதிரைக்குக் குதிரை மாற்றப்படுகிறது. சிறிய வீட்டில் பலர் தங்கினால் நெருக்கடி மிகும். சிலர் வெளியேறினால் எஞ்சியோர்க்கு இடம் பிறக்கும். அதுபோலக் காய்கள் குறையக் குறையக் கருப்பின் நெருக்கடி தளர்கிறது. எதிராளி தாக்குதற்குரிய படையும் குறைகிறது. தாக்கி ஆடுவதில் வல்லவரை எதிர்கொள்ள, தாக்குதலுக்கே இடமளிக்காத அரணை ஆனந்த் தேர்ந்தெடுத்தார்.

பொறுமைப் போர்

பதினான்காம் நகர்வில் ஆனந்த் சி5 எனச் சிப்பாயை நகர்த்தி நடுப்பகுதியைத் திறந்தார். பதினெட்டாம் நகர்வு முடிந்தபோது பலகையில் ஒரு வியப்பான நிலை உருவாகியிருந்தது. இருவரிடமும் அரசியும் இரண்டு யானைகளும் இருந்தன. அவற்றோடு வெள்ளையிடம் ஒரு குதிரை எஞ்சியது. கருப்பிடம் எஞ்சியது ஒரு மந்திரி. அது எந்த மந்திரி? தொடக்கம் முதல் சி8 கட்டத்தை விட்டு ஓரடியும் அசையாத அதே மந்திரி.

மற்றொன்றையும் நோக்குக. வெள்ளைக் கட்டங்களில் செல்லும் தன் மந்திரியை வெள்ளை ஏற்கெனவே இழந்திருந்தது. எனவே அக்கட்டங்களில் ஆனந்தின் மந்திரியை எதிர்த்து நிற்க இணையான காய் எதுவும் இல்லை.

பத்தொன்பதாம் நகர்வில் அம்மந்திரி முதன்முறையாக வெளிவந்து பி7 கட்டத்தில் நின்றது. டொபாலோவ் எஃப்3, ஜி3 எனச் சிப்பாய்களை நகர்த்தித் தம் அரசனை ஜி2 கட்டத்தில் வைத்தார். பின்னர் அவர் கருப்பின் தனித்து நின்ற இரு சிப்பாய்களின் மீது கண் வைத்தார். ஒன்று ஏ7, மற்றொன்று சி5. அவற்றைத் தாக்குவதற்காக யானையை ஏ3 கட்டத்திற்கும், குதிரையை பி3 கட்டத்திற்கும் அனுப்பினார். இருபத்தெட்டாம் நகர்வில் அக்குதிரை ஏ5 கட்டத்திற்கு வந்து மந்திரியைத் தாக்கியது. மந்திரி பின்வாங்கி, ஏ8 என்னும் மூலைக்குச் சென்றது.

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு அது தோல்வி போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஏ8 கட்டத்திலிருந்து பலகையின் குறுக்கே எச்1 வரை செல்லும் நீண்ட மூலைவிட்டம் ஒன்று உண்டு. அக்கோட்டின்மேல் ஜி2 கட்டத்தில் நிற்பவர் வெள்ளை அரசன். இடையில் காவலாக நிற்பது எஃப்3 கட்டத்துச் சிப்பாய் ஒன்றே. மந்திரி மூலையில் நின்றாலும் அதன் பார்வை எதிர்மூலை வரை நீண்டிருந்தது.

இரண்டு சிப்பாய்கள்

இருபத்தொன்பதாம் நகர்வுக்குப்பின் இருந்த நிலையைப் பலகையில் அடுக்குக.

வெள்ளை: அரசன் ஜி2, அரசி சி1, யானைகள் ஏ3, எஃப்2, குதிரை சி4, சிப்பாய்கள் ஏ2, பி2, இ3, எஃப்3, ஜி3, எச்2.

கருப்பு: அரசன் ஜி8, அரசி இ7, யானைகள் சி7, டி8, மந்திரி ஏ8, சிப்பாய்கள் ஏ7, சி5, இ5, எஃப்7, ஜி7, எச்6.

வெள்ளையின் அரசியும் குதிரையும் ஒரு யானையும் பலகையின் இடப்பக்கத்தில் உள்ளன. அரசன் வலப்பக்கத்தில் உள்ளார். அவர்க்கு அருகில் உள்ள பெரிய காய் ஒரு யானை மட்டுமே. படை ஓரிடம், அரசன் வேறிடம் என்பதே இந்நிலையின் சுருக்கம்.

முப்பதாம் நகர்வில் டொபாலோவ் இ4 எனச் சிப்பாயை நகர்த்தி மூலைவிட்டத்தை மேலும் ஒரு காவலால் அடைக்க முயன்றார். ஆனந்த் உடனே எஃப்5 என்றார். டொபாலோவின் முன் இப்போது ஒரு வினா நின்றது: அந்தச் சிப்பாயை வெட்டுவதா, பொறுப்பதா? அவர் வெட்டினார். காவலுக்கு வந்த சிப்பாய் இடம் பெயர்ந்தது. ஆனந்த் இரண்டாம் சிப்பாயை இ4 கட்டத்திற்கு நகர்த்தி அதனையும் பலியாக வைத்தார். அதே வினா மீண்டும் நின்றது. டொபாலோவ் அதனையும் வெட்டினார். எஃப்3 கட்டத்தில் நின்ற கடைசிக் காவலும் இவ்வாறு அகன்றது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் நகர்வுகளில் செய்த இவ்விரு வெட்டுகளே வெள்ளையை வீழ்த்தின. பொறுத்து நின்றிருப்பின் ஆட்டம் நீண்டிருக்கும்.

எண்ணிக்கையில் பார்த்தால், அடுத்த நகர்வுக்குப்பின் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் மிகுதி. நிலையில் பார்த்தால், வெள்ளை அரசனின் கதவு திறந்துகிடந்தது.

மந்திரி புறப்பட்டது

ஆனந்தின் அரசி இ4 கட்டத்துச் சிப்பாயை வெட்டி முற்றுகையிட்டது. வெள்ளை அரசன் எச்3 கட்டத்திற்கு ஓடினார். யானை டி4 கட்டத்திற்கு வந்தது. முப்பத்துநான்காம் நகர்வில் ஆனந்த் தம் அரசியைப் பின்னுக்கு இழுத்து இ8 கட்டத்தில் வைத்தார். தாக்கும் நேரத்தில் பின்வாங்குவது ஏன்? இ8 கட்டத்திலிருந்து எச்5 கட்டம் வரை வேறொரு மூலைவிட்டம் திறந்திருந்தது. அவ்வழியே வந்து அரசனைச் சூழ்வதே நோக்கம். முன்னேறுவதற்காகப் பின்வாங்கும் நகர்வு இது. இவ்வாட்டத்தின் அழகிய நகர்வுகளில் இதுவும் ஒன்று.

அதன்பின் நிகழ்ந்தவை வருமாறு.

35. வெள்ளை: சிப்பாய் ஜி4. கருப்பு: சிப்பாய் எச்5.
36. வெள்ளை: அரசன் எச்4. கருப்பு: சிப்பாய் ஜி5, முற்றுகை.
37. வெள்ளை: எஃப்5 சிப்பாய், தன்னைக் கடந்து சென்ற சிப்பாயை வெட்டி ஜி6. கருப்பு: அரசி ஜி6 சிப்பாயை வெட்டியது.
38. வெள்ளை: அரசி எஃப்1. கருப்பு: யானை ஜி4 சிப்பாயை வெட்டி முற்றுகை.
39. வெள்ளை: அரசன் எச்3. கருப்பு: மற்றொரு யானை இ7.
40. வெள்ளை: யானை எஃப்8, முற்றுகை. கருப்பு: அரசன் ஜி7.
41. வெள்ளை: குதிரை எஃப்5, முற்றுகை. கருப்பு: அரசன் எச்7.
42. வெள்ளை: யானை ஜி3. கருப்பு: யானை அதனை வெட்டி முற்றுகை.
43. வெள்ளை: சிப்பாய் ஜி3 கட்டத்து யானையை வெட்டியது. கருப்பு: அரசி ஜி4, முற்றுகை.
44. வெள்ளை: அரசன் எச்2. கருப்பு: யானை இ2, முற்றுகை.
45. வெள்ளை: அரசன் ஜி1. கருப்பு: யானை ஜி2, முற்றுகை.
46. வெள்ளை: அரசி ஜி2 கட்டத்து யானையை வெட்டியது. கருப்பு: மந்திரி ஏ8 கட்டத்திலிருந்து பாய்ந்து அரசியை வெட்டியது.

பதினெட்டு நகர்வுகள் வரை அசையாது கிடந்து, பின் மூலைக்குத் தள்ளப்பட்ட அந்த மந்திரி, பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்து எதிரியின் அரசியை வீழ்த்தியது. அடுத்த நகர்வில் வெள்ளை அரசன் அம்மந்திரியை வெட்டினார். அது தன் கடமையை முடித்துவிட்டே வீழ்ந்தது. இப்போது வெள்ளையிடம் யானையும் குதிரையும் இருந்தன. ஆனந்திடம் அரசி இருந்தது. அவருடைய சி வரிசைச் சிப்பாயும் முன்னேறத் தொடங்கியது. 56ஆம் நகர்வுக்குப்பின் டொபாலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 6½–5½ என்னும் புள்ளிக் கணக்கில் ஆனந்த் உலக வாகையைத் தக்கவைத்தார்.

நாம் கற்பது

ஆனந்த் இவ்வாட்டத்தை லாஸ்கர் தற்காப்பால் மட்டும் வெல்லவில்லை. தொடக்க முறை வெற்றியைத் தருவதன்று. நிற்பதற்கு உறுதியான நிலத்தைத் தருவது. அந்நிலத்தில் நின்று அவர் காத்திருந்தார். காத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. காத்திருந்தபோது அவர் தம் காய்களை ஒவ்வொன்றாக உரிய இடத்தில் வைத்தார். குறையுடையதாகத் தோன்றிய மந்திரிக்கும் ஓர் இடம் தேடினார். வாய்ப்பு வந்தபோது இரண்டு சிப்பாய்களை இழக்கவும் தயங்கவில்லை.

வாழ்விலும் சிலருடைய திறமை நெடுநாள் வெளிப்படாமல் இருக்கும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர், புதிய ஊருக்கு மாறி வந்து அவ்வூர் மொழி தெரியாமல் அமைதியாய் இருக்கும் மாணவர் ஆகியோரைப் பயனற்றவர் என்று எண்ணுதல் பிழை. அவர்களுடைய வழியை அடைத்து நிற்பது எது எனக் கண்டு, அதனை நீக்குதலே அறிவுடைமை.

சொற்பொருள்

அரண் – காவல், கோட்டை
இடர் – துன்பம்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
எதிராளி – எதிர்த்து ஆடுபவர்
மூலைவிட்டம் – மூலையிலிருந்து மூலைக்குச் செல்லும் சாய்ந்த கோடு
சமன் – வெற்றி தோல்வி இன்றி முடிதல்
கோடி – முனை, எல்லை

இலக்கணக் குறிப்பு

கருங்காய் – பண்புத்தொகை
வெற்றி தோல்வி – உம்மைத்தொகை
அசையாத மந்திரி – எதிர்மறைப் பெயரெச்சம்
நின்ற மந்திரி – பெயரெச்சம்
குறையக் குறைய – அடுக்குத்தொடர்
காண்க – வியங்கோள் வினைமுற்று

பகுபத உறுப்பிலக்கணம்

நகர்த்தினார் = நகர்த்து + இன் + ஆர்
நகர்த்து – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி. இங்கு உயர்வு குறித்து ஒருவர்க்கு வந்தது.

புணர்ச்சி விதி

கருங்காய் = கருமை + காய்
ஈறுபோதல் – கரு + காய். இனமிகல் – கருங்காய்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 2010ஆம் ஆண்டு உலக வாகைப் போட்டி நடைபெற்ற நகரம்
(அ) பான் (ஆ) சோபியா (இ) பிராங்பர்ட் (ஈ) சென்னை

2. லாஸ்கர் உலக வாகையராக விளங்கிய ஆண்டுகள்
(அ) 12 (ஆ) 18 (இ) 27 (ஈ) 40

3. கருப்பின் மந்திரி முதன்முறையாக நகர்ந்தது
(அ) 7ஆம் நகர்வில் (ஆ) 14ஆம் நகர்வில் (இ) 19ஆம் நகர்வில் (ஈ) 28ஆம் நகர்வில்

4. 'அசையாத' என்பதன் இலக்கணக் குறிப்பு
(அ) வினையெச்சம் (ஆ) எதிர்மறைப் பெயரெச்சம் (இ) வினைத்தொகை (ஈ) பண்புத்தொகை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. பதினோர் ஆட்டங்களின் முடிவில் இருவரும் ______ புள்ளிகள் பெற்றிருந்தனர்.
2. ஏ8 கட்டத்திலிருந்து தொடங்கும் நீண்ட மூலைவிட்டம் ______ கட்டத்தில் முடிகிறது.
3. ஆனந்தின் சி8 மந்திரியின் வழியை அடைத்து நின்றது ______ கட்டத்துச் சிப்பாய்.
4. டொபாலோவ் ______ஆம் நகர்வுக்குப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இ. பொருத்துக.

1. எரிமலைச் சாம்பல் – (அ) காய்களை மாற்றி நெருக்கடியைத் தளர்த்துதல்
2. ஏழாம் நகர்வு – (ஆ) எதிரியின் அரசியை வீழ்த்துதல்
3. முப்பத்துநான்காம் நகர்வு – (இ) சாலைப் பயணம்
4. நாற்பத்தாறாம் நகர்வு – (ஈ) முன்னேறுவதற்காகப் பின்வாங்குதல்

ஈ. குறுவினா (இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை தருக.)

1. ஆனந்த் சோபியாவிற்குச் சாலை வழியே சென்றது ஏன்?
2. இறுதி ஆட்டம் சமனாவதை டொபாலோவ் விரும்பாததற்குக் காரணம் யாது?
3. 'காத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு' – விளக்குக.

உ. சிறுவினா (ஐந்து அல்லது ஆறு தொடர்களில் விடை தருக.)

1. லாஸ்கர் தற்காப்பு கருப்பின் நெருக்கடியை எவ்வாறு தளர்த்துகிறது?
2. மூலைக்குப் பின்வாங்கிய மந்திரி வலிமை இழக்கவில்லை என்பதை நிறுவுக.

ஊ. நெடுவினா (ஒரு பக்க அளவில் விடை தருக.)

1. முப்பதாம் நகர்வு முதல் நாற்பத்தாறாம் நகர்வு வரை ஆட்டம் சென்ற போக்கை உம் சொந்த நடையில் எழுதுக.
2. டொபாலோவின் இடத்தில் நீவிர் இருந்திருப்பின் முப்பத்தொன்றாம் நகர்வில் என்ன செய்திருப்பீர்? காரணம் காட்டி எழுதுக.

எ. தொடர்களை மாற்றி எழுதுக.

1. ஆனந்த் மந்திரியை நகர்த்தினார். (செயப்பாட்டு வினைத்தொடராக)
2. டொபாலோவ் சிப்பாயை வெட்டினார். (எதிர்மறைத் தொடராக)
3. விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆனந்த் சாலை வழியே சென்றார். ('ஆகையால்' சேர்த்து ஒரே தொடராக)

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பில் பேசப்படும் பிற மொழிகளில் சதுரங்கக் காய்களுக்கு வழங்கும் பெயர்களைத் திரட்டுக. அவற்றைத் தமிழ்ப் பெயர்களோடு சேர்த்து அட்டவணையாக எழுதி வகுப்பறையில் வைக்க.

2. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றைப் படித்து, இவ்வாட்டத்திற்குப் பொருந்தும் குறள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது பொருந்தும் வகையை வகுப்பில் எடுத்துரைக்க.

3. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் சீனாவின் டிங் லிரெனை வென்று தம் 18ஆம் வயதில் உலக வாகை சூடினார். அப்போட்டியிலும் 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமநிலையில் நின்றனர். பதினான்காம் ஆட்டத்தைக் குகேஷ் கருங்காய்களோடு ஆடி வென்றார். இரு போட்டிகளுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை நூலகத்தில் தேடிப் படித்து, பத்துத் தொடர்களில் எழுதுக.